பைப் அச்சில் சோப்பு: சிக்கினால், ஒழுகினால், பொங்கினால் என்ன செய்வது?

வட்டமான சோப்பு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் போய் நிற்கும் இடம் ஹார்டுவேர் கடை. ஒரு முழம் பிவிசி பைப், அதற்கொரு மூடி, அச்சு தயார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத பொள்ளாச்சிப் பக்கத்தில் வீட்டிலேயே சோப்பு செய்து, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் கொண்டுவரும் சந்தேகங்களில் பாதிக்குமேல் பைப்பைப் பற்றியவை. “அக்கா, போன மாதம் டப்பாவில் ஊற்றியபோது அருமையாக வந்தது. அதே எண்ணெய், அதே அளவு. பைப்பில் ஊற்றினால் மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்பார்கள்.

பைப்புக்கு இரண்டு குணங்கள் உண்டு. சூட்டை நடுவில் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றுக்கு வழி விடாது. இங்கே நான் எழுதப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்து பிறந்தவை. ஆகவே எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சந்தேகிப்பதற்கு முன், சூடு எங்கே தங்கியது, காற்று எங்கே அடைபட்டது என்று பாருங்கள்.

இது சூடேற்றிக் காய்ச்சாமல், எண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலைக் கலந்து அச்சில் ஊற்றும் முறைக்கானது. அடுப்பில் வைத்துக் காய்ச்சிய சோப்பைக் கொதிக்கக் கொதிக்கப் பைப்பில் ஊற்றாதீர்கள். பிவிசி 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும்.

முதலில் உங்கள் அளவை என் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்

நான் பயன்படுத்துவது 75 மி.மீ. பைப், 30 செ.மீ. நீளம். கடையில் “மூன்று இஞ்ச்” என்று கேட்டு வாங்காதீர்கள். தண்ணீர் பைப்பில் மூன்று இஞ்ச் என்றால் 90 மி.மீ. எடுத்துத் தருவார்கள், கழிவுநீர்ப் பைப்பில் அதே பெயருக்கு 75 மி.மீ. வரும். மில்லிமீட்டரில் கேட்டால் குழப்பமில்லை. பைப்பில் அச்சிட்டிருப்பது வெளிவிட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். 75 மி.மீ. பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 70 மி.மீ.தான் இருக்கும். அந்தக் கணக்கில் 30 செ.மீ. பைப்பில் சுமார் 1,150 மி.லி. பிடிக்கும்.

அதற்குப் பொருத்தமாக நான் எடுப்பது 350 கிராம் தேங்காய் எண்ணெய், 280 கிராம் கடலை எண்ணெய், 70 கிராம் விளக்கெண்ணெய், ஆக 700 கிராம். இதற்கு 103 கிராம் காஸ்டிக் சோடா, 210 கிராம் தண்ணீர். எண்ணெயில் ஏழு சதவீதம் சோப்பாக மாறாமல் தோலுக்காக மிஞ்சும்படி போட்ட கணக்கு இது. ஊற்றினால் பைப்பில் 26 செ.மீ. உயரத்துக்கு வரும். மேலே நான்கு செ.மீ. காலியாக விடுவது வேண்டுமென்றே செய்வது. ஏன் என்பது பின்னால் தெரியும். இரண்டரை செ.மீ. கனத்தில் அறுத்தால் பத்து சோப்பு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு கிராம்.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடங்காதீர்கள். தோலில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாமல், குழாயைத் திறந்துவிட்டு 15, 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கண்ணில் பட்டால் அதேபோல் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். அலுமினியப் பாத்திரம் எதுவும் பக்கத்தில்கூட வேண்டாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். இதே காரணத்தால் பிவிசிக்குப் பதில் ஜிஐ பைப்பை அச்சாக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் வேண்டாம் என்பதே என் பதில். அதன்மேல் பூசியிருக்கும் துத்தநாகமும் காஸ்டிக் சோடாவில் கரையும்.

சோப்பு பைப்பை விட்டு வெளியே வரவில்லை

இதுதான் எல்லாரையும் அழவைக்கும் கோளாறு. பதறிப்போய்ச் சுத்தியலை எடுக்காமல், கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

மேல்பக்கத்தில் கட்டைவிரலை அழுத்துங்கள். தடம் பதிகிறதா? அப்படியானால் சோப்பு இன்னும் இறுகவில்லை. இளகிய சோப்பைப் பின்னாலிருந்து தள்ளினால் அது முன்னால் நகராது; பக்கவாட்டில் பிதுங்கிச் சுவரோடு இன்னும் இறுக்கமாக அப்பிக்கொள்ளும். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு பலமாகப் பிடிக்கும். இன்னும் ஒரு நாள் விடுங்கள். தேங்காய் எண்ணெய் பாதி இருந்தால் 18 முதல் 24 மணி நேரத்தில் இறுகிவிடும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய் மிகுந்த கலவைக்கு மூன்று நாளும் ஆகலாம்.

இறுகியும் வரவில்லையென்றால் கீழ்மூடியைக் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். மூடியைக் கழற்றியும், அடியில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக் கழற்றாமல் அரைமணி நேரம் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முனை அடைபட்டிருந்தால், மறுமுனை வழியாகச் சோப்பு நகரும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகி அதை உள்ளே இழுக்கும். ஊசியின் வாயை விரலால் பொத்திக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள், அதே இழுப்புதான். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும்.

அடுத்து விளிம்பு. ஹாக்ஸா பிளேடால் அறுத்த பைப்பின் உள்விளிம்பில் பிசிறு நிற்கும். சோப்பு வெளியேறும் வாயில் அந்தப் பிசிறு கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். விரலால் தடவினால் தெரிந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சில பைப்புகளுக்கு ஒரு முனை அகன்று, இன்னொரு பைப்பைச் சொருகும் விதத்தில் இருக்கும். அப்படிப்பட்ட துண்டாக இருந்தால் அகன்ற முனைப் பக்கமாகத்தான் தள்ள வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லையா? பைப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். உணவுப் பொருளோடு இன்னும் உலராத சோப்பு படக்கூடாது, அதற்காகத்தான் பை. 75 மி.மீ. பைப்புக்கு இரண்டு, மூன்று மணி நேரம் போதும். எடுத்தவுடன் தள்ளாமல் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். குளிரில் சோப்பு சற்றே சுருங்கியிருக்கும். வெளிக்காற்று பட்டதும் ஈரம் வியர்த்து, சுவருக்கும் சோப்புக்கும் இடையே வழுக்கல் உண்டாகும். அப்போதும் பிடிவாதம் பிடித்தால் பைப்பின் வெளிப்புறத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு நிமிடம் ஊற்றுங்கள். பைப் முதலில் சூடேறி விரியும், அதைத் தொட்டிருக்கும் சோப்பின் மேல்படலமும் இளகும். உள்ளே இருப்பது கெட்டியாகவே இருக்கும்.

தள்ளுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கட்டையால் உள்ளே குத்தினால் வலுவெல்லாம் வீணாகும், சோப்பின் நடுவில் பள்ளமும் விழும். தச்சரிடம் சொல்லி, பைப்பின் உள்விட்டத்தைவிட இரண்டு மி.மீ. குறைவாக ஒரு வட்டப் பலகை அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 50 மி.மீ. பைப் துண்டு ஒன்றை மூடி மாட்டித் தரையில் நிமிர்த்தி, அதன் தலைமேல் பலகையை வையுங்கள். சோப்பு உள்ள பைப்பை அதன்மேல் நேராக நிறுத்தி, இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்து உங்கள் உடல் எடையைக் கொடுத்துக் கீழே இறக்குங்கள். சோப்பு நின்ற இடத்திலேயே நிற்கும், பைப்தான் இறங்கும். கை வலுவால் அசையாதது உடல் எடைக்கு அசையும்.

எதற்கும் மசியாத சோப்புக்குக் கடைசி வழி, பைப்பை நெடுக்காக எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கோடாக அறுத்துப் பிளப்பது. சுவரின் கனம் இரண்டு மூன்று மி.மீ.தான், பிளேடு உள்ளே இறங்குவது கையில் தெரியும்போது நிறுத்துங்கள். சோப்பில் ஒட்டிய பிளாஸ்டிக் துகள்களைக் காய்கறி சீவும் கத்தியால் மேலாகச் சீவி எறிந்துவிடலாம். பைப் போனாலும் எழுநூறு கிராம் எண்ணெய் பிழைக்கும்.

இனி இது நடக்காமலிருக்க ஒரே ஒரு மாற்றம் செய்வதென்றால், உள்ளே தாள் சுற்றிவையுங்கள். பலரும் பைப்பின் உட்புறத்தில் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். இட்லித் தட்டில் எண்ணெய் தடவிய பழக்கம் அது. ஆனால் இங்கே உள்ளே ஊற்றுவது காஸ்டிக் சோடாக் கலவை. தடவிய எண்ணெயும் அதோடு சேர்ந்து சோப்பாகி, சுவரோடு ஒட்டும் பசையாகிவிடும். காரத்தோடு, அதாவது காஸ்டிக் சோடாவோடு, சேராத பொருள்தான் உதவும். பெட்ரோலியம் ஜெல்லி அல்லது திரவ பாரஃபின் மெல்லியதாகப் பூசலாம்.

அதைவிடச் சிறந்தது தாள். நான் பயன்படுத்துவது ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் ஃபைல் உறை. அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், காரத்துக்கு அசையாது. 70 மி.மீ. உள்விட்டத்துக்குச் சுற்றளவு 22 செ.மீ. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. என்பதால் ஒரு விரல் அகலம் திறந்தே இருக்கும். அங்கேதான் சோப்பு ஒட்டும். ஃபைல் உறையை விரித்தால் 24 செ.மீ. அகலத்துக்குத் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம், இரண்டு செ.மீ. மேல்மடிப்பும் கிடைக்கும். பைப்பைவிட மூன்று நான்கு செ.மீ. நீளமாக விட்டால் பிடித்து இழுக்கப் பிடி கிடைக்கும். பட்டர் பேப்பரும் ஆகும், ஆனால் கனமானதாக இருக்க வேண்டும். மெல்லிய தாள் ஊறிப்போய்ச் சோப்போடு ஒன்றிவிடும், நகத்தால் சுரண்டி எடுக்கும்படி ஆகிவிடும்.

தாள் சுற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிவிசி பைப் தயாரிப்பில் நெடுங்காலமாக பிளாஸ்டிக் சிதையாமலிருக்க ஈயச் சேர்மங்களைச் சேர்த்துவந்தார்கள். அதைக் கட்டுப்படுத்த ஒன்றிய அரசு 2021-இல் தனி விதிகளை வெளியிட்டது. ஆகவே ஈயம் கலக்காதது என்று அச்சிட்ட புதிய பைப்பை வாங்குங்கள். அதற்கு மேல் தாளும் சுற்றுங்கள். தோலில் தேய்க்கிற பொருள், குழந்தைகளும் குளிக்கிற சோப்பு. வீட்டுப் பின்புறத்தில் கிடக்கும் பழைய பைப்பை எடுக்க வேண்டாம். உள்ளே உப்புப் படிந்து சொரசொரப்பாக இருக்கும், அதுவும் ஒட்டும்.

அடியில் ஒழுகுகிறது

ஊற்றிய பத்தாவது நிமிடத்தில் தரையில் கோடு ஓடினால் முதல் வேலை, கையுறையோடு பைப்பை அப்படியே தூக்கி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்துவது. கலவை அரைமணி, முக்கால்மணி நேரத்தில் தானாகக் கெட்டிப்பட்டு ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வாளியில் தேங்கியதைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து மேலே ஊற்றிவிடலாம், தரையில் சிந்தியதைச் சேர்க்க வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கலவை நீர்த்திருக்கும்போதே ஊற்றியது. மோர் பதத்தில் ஊற்றினால் எந்த மூடியும் தாங்காது. கரண்டியைத் தூக்கினால் விழும் கோடு மேற்பரப்பில் ஒரு கணம் நின்று மறைய வேண்டும். தோசை மாவுப் பதம். மற்றொன்று, தளர்ந்த மூடி. பைப் முனையில் கனமான பிளாஸ்டிக் தாளை இழுத்துப் போர்த்தி ரப்பர் பேண்டு போட்டு, அதன்மேல் மூடியை அழுத்தி மாட்டுங்கள். தாளே வாஷர்போல் அடைக்கும். அதற்கும் தளர்வாக இருந்தால் பைப் முனையில் டெஃப்லான் டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றி மாட்டலாம்.

பைப் ஒட்டும் பசையை மட்டும் தொடாதீர்கள். அது மூடியையும் பைப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். என் முதல் அச்சில் நான் செய்த தவறு இதுவே. ஒழுகல் நின்றது, சோப்பும் உள்ளேயே நின்றது. அடியை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது.

மேலே பொங்கி வழிகிறது, அல்லது அறுத்தால் நடுவில் குகை

இரண்டும் ஒரே நோய். ஒன்று கண்ணெதிரே நடப்பது, மற்றது மறுநாள் தெரிவது. எண்ணெயும் காரமும் சேரும்போது சூடு பிறக்கிறது. தட்டையான தட்டில் ஊற்றியிருந்தால் அது மேற்பரப்பு வழியாகப் போய்விடும். பைப்பிலோ எல்லாப் பக்கமும் சோப்பு, அதைச் சுற்றிச் சூட்டை எளிதில் கடத்தாத பிளாஸ்டிக். நடுவில் இருக்கும் சூட்டுக்கு வழியே இல்லை. விட்டம் இரண்டு மடங்கானால், நடுச்சூடு வெளியேற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரமாகும். 63 மி.மீ. பைப்பில் சாதுவாக இருந்த கலவை 110 மி.மீ. பைப்பில் எரிமலையாவது இதனால்தான்.

சூடு ஏறிய சோப்பு விரிந்து மேலே எழும். போக இடமிருந்தால் நடுவில் பிளந்து பொங்கும். இடம் இல்லாவிட்டால் உள்ளே பிரிந்து, ஆறும்போது நெடுகிலும் ஒரு குழலை விட்டுச் செல்லும். அறுத்தால் ஒவ்வொரு வில்லையிலும் உளுந்து வடைபோல் நடுவில் ஓட்டை. மேலே நான்கு செ.மீ. காலி விடச் சொன்னது இதற்காகத்தான். மேல்முனையை மூடி போட்டு இறுக்கவும் கூடாது. ஒரு தாளை மட்டும் மேலே வையுங்கள்.

கண்ணெதிரே பொங்கினால், கையுறை போட்டு நீளமான மரக்கரண்டியால் மெதுவாகக் கிளறி அடக்குங்கள். பைப்பை மின்விசிறிக்கு நேரே நிறுத்துங்கள். அடிப்பாகத்தை ஈரத்துணியால் சுற்றலாம். வெளியே தொட்டுப் பார்த்து “சூடு குறைவுதானே” என்று நிம்மதி அடையாதீர்கள். நடுவில் அதைவிட மிக அதிகமாக இருக்கும். பைப் தொடும்போது நெகிழ்கிறது, உருவம் கோணுகிறது என்றால் உடனே குளிர்விக்க வேண்டும்.

சூட்டைக் கூட்டும் பொருள்கள் நமக்குப் பிரியமானவைதாம். தேன், கருப்பட்டி, ஆட்டுப்பால், தேங்காய்ப்பால் என்று இனிப்புள்ளது எதைச் சேர்த்தாலும் சூடு எகிறும். பால் சேர்ப்பதென்றால் உறையவைத்துக் கட்டியாக்கிப் பயன்படுத்துங்கள். இவற்றைச் சேர்க்கும்போது 63 மி.மீ. பைப்பைத் தாண்டாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மதியத்தில் ஊற்றாமல் விடியற்காலையில் ஊற்றுங்கள். எண்ணெயும் கரைசலும் 35 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகே கலக்க வேண்டும். காஸ்டிக் சோடா கரைந்தவுடன் கரைசல் 80, 90 டிகிரி வரை போகும். அது ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அந்தக் காத்திருப்பில் பொறுமை இழப்பதுதான் பாதிப் பொங்கலுக்குக் காரணம்.

குகை விழுந்த சோப்பு வீணல்ல. ஓட்டையில் ஈரம் இல்லாமலிருந்தால் நான்கு வாரம் உலரவைத்துப் பயன்படுத்தலாம். தெளிந்த நீர் கோத்திருந்தால் அது காரமாக இருக்கலாம். வெறும் கையால் தொடாமல், துருவி, சிறிது தண்ணீர் தெளித்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் இளக்கி மீண்டும் அச்சில் அழுத்துங்கள். இந்த முறை பைப் வேண்டாம், தட்டையான டப்பா போதும்.

அறுத்த வில்லையில் வட்டத்துக்குள் வட்டம்

நடுவில் கரும்பச்சை, ஓரத்தில் வெளிர்பச்சை. நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல். பயந்துபோய்க் கொண்டுவருவார்கள். இது கெடுதல் இல்லை. நடுப்பகுதி சூடேறி ஜெல்போல் கண்ணாடித்தன்மை அடைந்து இறுகியிருக்கிறது, ஓரம் அந்தச் சூட்டுக்கு வராமலே இறுகிவிட்டது. வட்ட அச்சில் இது எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

பிடிக்கவில்லையென்றால் இரண்டில் ஒரு பக்கம் சாயுங்கள். முழுதும் ஜெல் ஆக வேண்டுமென்றால் பைப்பை ஒரு துண்டால் சுற்றி வையுங்கள். எங்குமே ஆக வேண்டாமென்றால் ஊற்றியவுடன் மின்விசிறிக்கு முன்னாலோ ஃப்ரிட்ஜிலோ வையுங்கள். எனக்கு அந்த வளையம் பிடிக்கும். சில சமயம் வேண்டுமென்றே விட்டுவிடுவேன். மஞ்சள்தூள் சேர்த்தவர்கள் சோப்பு செம்மண் நிறமானதைப் பார்த்துப் பதற வேண்டாம். காரத்தில் மஞ்சள் சிவக்கும். குங்குமம் செய்தவர்களுக்கு இது தெரியும்.

வில்லையெங்கும் சிறு துளைகள்

இது அடைபட்ட காற்று. உயரமான பைப்பின் வாயிலிருந்து தொப்பென்று ஊற்றினால் கலவை தன்னோடு காற்றையும் உள்ளே இழுத்துப் போகும், வெளியேற வழியில்லை. பைப்பைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக வழியவிட்டு, நிறைய நிறைய நிமிர்த்துங்கள். ஒவ்வொரு கால் பாகத்துக்கும் ஒரு முறை, மடித்த துணியின்மேல் பைப்பை மெதுவாகத் தட்டுங்கள். கை பிளெண்டரைக் கலவைக்குள் முழுதும் அமிழ்த்தி, சாய்த்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகே ஓடவிட வேண்டும்.

கலவை ஊற்றும்போதே இட்லி மாவைவிடக் கெட்டியாகிவிட்டால் நிலைமை கடினம். டப்பாவாக இருந்தால் கரண்டியால் அள்ளிப்போட்டுச் சமன்செய்யலாம். பைப்புக்குள் கை போகாது. கிராம்பு எண்ணெய், இலவங்கப்பட்டை எண்ணெய் இரண்டும் நொடியில் கெட்டியாக்கிவிடும். அவற்றைச் சேர்க்கும் நாளில் 30 செ.மீ. பைப்பை விட்டுவிட்டு, 15 செ.மீ. துண்டுகள் இரண்டை எடுங்கள். எட்டுகிற ஆழம்தான் சமாளிக்கிற ஆழம்.

அறுக்கும்போது உதிர்கிறது, பிளக்கிறது

தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பை இரண்டு நாள் கழித்து அறுத்தால் சுண்ணாம்புக் கட்டிபோல் நொறுங்கும். வெளியே தள்ளிய அன்றே அறுத்துவிடுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை உடனே அறுக்காமல் அறைச்சூட்டுக்கு வரவிட வேண்டும்.

சரியான நேரத்தில் அறுத்தும் உதிர்ந்தால் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நாள் கழித்து, ஈரவிரலால் சோப்பைத் தடவி நாக்கு நுனியில் லேசாகத் தொடுங்கள். வெறும் சோப்புச் சுவை என்றால் சரி. பேட்டரியைத் தொட்டதுபோல் சுருக்கென்றால் காரம் மிஞ்சியிருக்கிறது. உடனே வாயைக் கொப்பளியுங்கள். அதைக் குளிக்கப் பயன்படுத்தாமல் பாத்திரம், துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம், அப்போதும் கையுறை வேண்டும். அடுத்த முறை டம்ளர், கரண்டி அளவை விட்டு எடைபோடும் இயந்திரத்தை எடுங்கள். தேங்காய் எண்ணெய்க்குத் தேவையான காஸ்டிக் சோடாவும் கடலை எண்ணெய்க்குத் தேவையானதும் ஒன்றல்ல. நூறு கிராமுக்கு முன்னது சுமார் 18.3 கிராம் கேட்கும், பின்னது 13.6 கிராம்தான். எண்ணெயை மாற்றிவிட்டு காஸ்டிக் சோடாவை மாற்றாமல் விட்டால் கோளாறு நிச்சயம்.

அறுப்பதற்குக் கத்தியைவிடத் தூண்டில் நரம்பு நல்லது. சோப்பைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டு, இரு முனையையும் குறுக்காக இழுத்தால், பிரியாணிக் கடையில் அவித்த முட்டையை நூலால் அறுப்பதுபோல் வழுக்கிக்கொண்டு வரும். நேராக வரவில்லை, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிகிறது என்பவர்கள், அதே 75 மி.மீ. பைப்பில் ஒரு துண்டை நெடுக்காகப் பாதியாக அறுங்கள். சோப்பு அதில் தொட்டிலில் கிடப்பதுபோல் பொருந்தி உட்காரும். இரண்டரை செ.மீ.க்கு ஒரு வெட்டு அந்தத் தொட்டிலில் போட்டு வைத்தால் நரம்பு அந்தத் தடத்திலேயே இறங்கும்.

மெழுகுபோல் கிடக்கிறது, இறுகவே இல்லை

ஒரு வாரமாகியும் விரல் பதிந்தால் பைப்பைக் குறை சொல்ல முடியாது. மூடிய பைப்புக்குள் ஈரம் வெளியேறாது என்பது மட்டும் உண்மை. தாளோடு சேர்த்து வெளியே இழுத்து, தாளைப் பிரித்து, நிழலில் நிற்கவையுங்கள். காஸ்டிக் சோடா டப்பாவைத் திறந்து பாருங்கள். பாறையாகக் கட்டிப்பட்டிருக்கிறதா? அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை கூடியது. நீங்கள் எடைபோட்ட 103 கிராமில் ஒரு பகுதி தண்ணீராக இருந்திருக்கலாம். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியையும் வாங்காதீர்கள்; சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். இறுக்கம் கூட, காஸ்டிக் சோடா போடுவதற்கு முன் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்துக்கொள்ளலாம்.

மேல்முனையில் வெள்ளைப் பொடி, மழைக்காலத்தில் வியர்வை

வெள்ளைப் பொடி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு காரம் சேர்ந்து உண்டான சோடியம் கார்பனேட். பைப்பில் காற்று படுவது மேல்முனை மட்டும் என்பதால் முதல் வில்லையோடு போய்விடும். இந்த ஒன்றில் பைப் டப்பாவைவிட மேல்.

வியர்வை வேறு. சோப்பிலேயே பிறக்கும் கிளிசரின் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றை இழுத்து முத்து முத்தாக நிற்கும். துடைத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் வையுங்கள். துடைத்த துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் கவனியுங்கள். அது கலவை பதத்துக்கு வராமல் ஊற்றி எண்ணெய் பிரிந்தது, துருவி இளக்க வேண்டியதுதான்.

உலரவைக்கும் நான்கு முதல் ஆறு வாரமும் வில்லைகளைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூன்று நாளுக்கொரு முறை உருட்டித் திருப்பினால் ஒரு பக்கம் தட்டையாகாது. பைப்பைச் சூடான தண்ணீரில் ஊறவைத்து மென்மையான துணியால் துடையுங்கள், கம்பி நார் வேண்டாம். கொதிநீரும் வேண்டாம், வெயிலில் காயப்போடவும் வேண்டாம். வெயில் பட்டுப் பட்டு பிவிசி வெளுத்து நொறுங்கும். உட்புறத்தில் வெண்கோடாகக் கீறல்கள் தெரியத் தொடங்கினால் அந்தத் துண்டை விட்டுவிட்டுப் புதிது அறுத்துக்கொள்ளுங்கள்.